கனி கேட்ட அர்த்தங்கள்

ஜனவரி 8, திங்கள்

கோவில்பட்டியில் பதினெட்டு வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் எழுதியதில்லை. இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே நேரத்துக்குக் குறைவில்லை.

என் மனைவி சண்முகக்கனிக்கு இன்று ஆஸ்பத்திரி வார்டில் முதல் நாள். அவளுடைய நர்ஸ் வேலைக்காகத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறோம். நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்த விசாக்காரன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிலைக்கும். மகள் யாழிசை பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்து ஜூனில் வருகிறாள். அதுவரை பெரியம்மா வீடு.

நான்கு மணிக்குக் கனி வந்தாள். காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பரீட்சை இங்கிலீஷ் புரியுதுங்க. இவங்க பேசுறதுதான் புரியல. எல்லாம் சின்னச் சின்ன வார்த்தை. கெட், புட், கம், கோ. அதுக்குப் பின்னால அப், ஆஃப், அவுட்னு ஏதோ ஒண்ணு வந்து ஒட்டிக்கிடுது. உடனே அர்த்தம் எங்கயோ போயிருது."

"அதுக்குப் பேருதான் ஃபிரேசல் வெர்ப். என்கிட்ட முன்னூறு இருக்கு," என்றேன்.

கனி தமிழ் மீடியம். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் இருநூறுக்கு எழுபத்தொன்பது. இங்கே வருவதற்கான ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை என் பயிற்சியில் தேறினாள். இதையும் அப்படியே முடித்துவிடலாம். அகர வரிசையில், ஒரு நாளைக்குப் பத்து.

ஜனவரி 13, சனி

முதல் வாரத் தேர்வு. எவ்வளவு தெரியும் என்று பார்க்கப் பட்டியல் முழுவதிலிருந்தும் கேட்டேன். இருபதுக்குப் பதினொன்று.

'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடுவது. இவள் 'சாப்பாடு பிடிக்காமப் போறது' என்று எழுதியிருக்கிறாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லையாம். இரண்டாம் பெட்டில் இருக்கும் அம்மா மீன் வாசனையை அப்படிச் சொன்னாராம். தப்புப் போட்டேன். பிறகு அகராதியைப் பார்த்தேன். மூன்றாவது பொருளாக அதுவும் இருக்கிறது. அரை மதிப்பெண் சேர்த்தேன்.

தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். சட்டைப்பைக்குள் அடங்குகிற நீல நோட்டு. அதில் வரிசையும் இல்லை, எண்ணும் இல்லை. இப்படிப் படித்தால் தலையில் நிற்காது என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மாற்றவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மின்சார அடுப்பில் வைத்தோம். பால் பொங்கித் தட்டில் விழுந்து கருகி, கூரையில் இருக்கிற புகை அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு லிண்டா ஓடி வந்து கதவைத் தட்டினார். என்னைப் பார்த்து, 'செட் இட் ஆஃப், ஹேவ் யூ?' என்றார்.

'செட் ஆஃப்' என்றால் பயணம் புறப்படுவது. பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு. நான் மரியாதையாக, நாங்கள் எங்கும் புறப்படவில்லை, இன்று எங்கள் பண்டிகை, வீட்டில்தான் இருப்போம் என்று பதில் சொன்னேன். லிண்டா என்னையே பார்த்தார். அலாரம் கத்திக்கொண்டிருந்தது.

கனி சன்னலைத் திறந்து, துண்டை எடுத்து வீசிப் புகையை விரட்டி, லிண்டாவைப் பார்த்து அலாரத்தை நோக்கிக் கைநீட்டி, "செட் ஆஃப்? திஸ்?" என்று கேட்டாள். அவர் ஆமாம், அலாரத்தை அலறவைப்பதும் அதுதான் என்றார். இருவரும் சிரித்தார்கள். லிண்டா அரைக் கிண்ணம் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பொங்கல் கொஞ்சம் அடிபிடித்துவிட்டது. மற்றபடி நன்றாக இருந்தது.

ஜனவரி 19, வெள்ளி

நான் பிஸ்கட் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள். ஆசிரியர் வேலைக்கு இங்கே வேறு சான்றிதழ் வேண்டுமாம். அதுவரை சும்மா இருக்கக் கூடாது என்றுதான்.

மேற்பார்வையாளர் டேரன் காலையில் எல்லோரையும் கூட்டி ஏதோ சொன்னார். இந்தப் பக்கத்து உச்சரிப்பு கொஞ்சம் வேகம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மதியம் இரண்டேகாலுக்கு நிமிர்ந்து பார்த்தால் வரிசையில் நான் மட்டும் இருந்தேன். விளக்கை அணைக்க வந்த காவலாளி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஆட்களை ஏற்றிப்போகும் கிடங்கு வண்டி போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நான்கு மைல். மழைதான், பலமாக இல்லை. கனி கேட்டாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன்.

ஜனவரி 20, சனி

லேசாகக் காய்ச்சல். தேர்வு வைக்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

துணி துவைத்தேன். யாழிசையோடு வீடியோவில் பேசினோம். கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறாள்.

கனியின் ஒரு பழக்கம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரிடமும் கேட்டுவிடுகிறாள். பஸ் ஓட்டுநரிடம், வார்டு துடைக்க வருகிறவரிடம், டாக்டரிடம்கூட. "அப்படின்னா என்ன?" இதை இரண்டு மாதமாக முகம் சுளிக்காமல் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்... இரண்டு மாதம் இல்லை, மூன்று வாரம்தான். எனக்கு அப்படித் தோன்றுகிறது.

"இப்படிக் கேட்டா, இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாங்க கனி."

"தெரியாதுதான. நினைக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். இவ்வளவு சுலபமாக ஒருத்தர் அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. வகுப்பில் என் மாணவர்கள் யாரும் சொன்னதில்லை. ஆசிரியர்கள் அறையிலும் யாரும் சொன்னதில்லை.

பிப்ரவரி 14, புதன்

மணி நாலரை. கனி வேலை முடிந்து வந்திருக்கிறாள். வந்ததும், "என்னங்க, 'பேக் இன்'னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"பேக்னா அடுக்குறது. இன்னா உள்ள. உள்ள எடுத்து வைக்கிறது. நான் தினமும் செய்யிற வேலைதான."

"உங்க பட்டியல்ல இருக்கா?"

"பட்டியல்ல இல்ல. அர்த்தம் அதுதான்."

சரி என்றாள். ஆனால் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 15, வியாழன்

நேற்று நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும்.

கனியின் வார்டுக்கு நேற்றுக் காலை கிளிஃபோர்ட் என்ற பெரியவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். எண்பத்தொரு வயது. ரிட்டயர் ஆன பஸ் ஓட்டுநர். நெஞ்சு படபடப்பு, நாடி தாறுமாறாக ஓடுகிறது. சேர்க்கும்போது விவரம் எழுதியவள் கனி. வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர், துடிப்பைக் குறைக்கும் மாத்திரையின் பெயரைச் சொல்லி, 'ஐ பேக்ட் தெம் இன், லவ்' என்றிருக்கிறார். இங்கே பெரியவர்கள் யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பையில் எடுத்துவைத்துக் கொண்டுவந்திருக்கிறார் என்று இவள் புரிந்துகொண்டு, தினமும் சாப்பிடுகிறார் என்று எழுதிவிட்டாள். அதைப் பார்த்த டாக்டர், மாத்திரை சாப்பிட்டும் துடிப்பு அடங்கவில்லை என்று நினைத்து, இரவு எட்டு மணியிலிருந்து அளவை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருக்கிறார்.

வேலை முடிகிற நேரத்தில், மாத்திரையை மருந்தகத்தில் ஒப்படைக்கலாம் என்று அவருடைய பையைத் திறந்திருக்கிறாள். மூக்குக் கண்ணாடி, சின்ன ரேடியோ, செருப்பு, ஒரு பெண்மணியின் படம். மாத்திரை இல்லை. பெரியவரைக் கேட்கலாம் என்றால் ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அடுத்த ஷிப்டு நர்ஸ் வந்துவிட்டாள். கனி பஸ் ஏறிவிட்டாள். பஸ்ஸில் மனது கேட்கவில்லை.

இதையெல்லாம் கோட்டோடு உட்கார்ந்துகொண்டு சொன்னாள். வார்டுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். லைன் கிடைக்கவே இல்லை. ஆறு மணி ஆனது. எழுந்தாள்.

"நான் போயிட்டு வந்துருதேன்."

"நாளைக்குக் காலையில கேட்டுக்கலாம்லா?"

"எட்டு மணிக்குக் குடுத்துருவாங்க."

நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன். "எழுதுனது எழுதியாச்சு. இப்பப் போயி நானே தப்பா எழுதிட்டேன்னு சொன்னா, இந்த ஆறு மாசத்துல அது உன் வேலைக்கே வினையாகும். யாழிசை ஜூன்ல வரணும். யோசி." அவளுடைய நன்மைக்காகத்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "அவரு நெஞ்சுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

பார்வையாளர் நேரம் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். பெரியவரின் கட்டில் கடைசியில், சன்னல் பக்கம். கனி நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

அவள் ஆங்கிலத்தில் கேட்டது இது: காலையில் நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். மாத்திரையை 'பேக் இன்' செய்தேன் என்றீர்களே, அப்படியென்றால் என்ன? கையால் செய்து காட்டுங்கள்.

இதில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. பெரியவருக்கு அது ஒன்றும் தட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. முதலில் சிரித்தார். பிறகு கையைத் தூக்கி, எதையோ குப்பைத்தொட்டியில் போடுவதுபோல் விட்டார்.

"நிறுத்திட்டேன்மா. விட்டுட்டேன். அதுதான் அர்த்தம்." அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது.

"எப்போதிருந்து?"

"நவம்பர். என் மனைவி மாரியன் போனதிலிருந்து. தட்டில் மாத்திரையை எடுத்துவைப்பது அவள்தான். அவள் போன பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தோட்டத்தை, நண்பர்களை, இந்தச் சனியன் பிடித்த மாத்திரையை."

மூன்று மாதமாக ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத மனிதருக்கு, எட்டு மணிக்கு இரண்டு மடங்கு கொடுக்க இருந்தார்கள். மணி ஏழு இருபது.

நானாக இருந்தால் அங்கிருந்து ஓடியிருப்பேன். கனி ஓடவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, இதோ போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன், வந்து மாரியனைப் பற்றிக் கேட்கிறேன் என்றாள். அவர் தலையாட்டிய பிறகுதான் எழுந்தாள்.

வார்டுப் பொறுப்பாளர் ஜோவன் மருந்து வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார். உயரமான பெண்மணி, சிரிக்காத முகம். கனி அவர் முன்னால் நேராக நின்று, "கிளிஃபோர்டின் மாத்திரை விவரம் தப்பு. அதை எழுதியது நான். என் தவறு," என்று சொன்னாள். அவள் குரலில் நடுக்கம் இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தையையும் அவள் விழுங்கவில்லை. புரியாமல் போனதையும், புரிந்ததாக நினைத்துக்கொண்டதையும், இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொன்னாள்.

ஜோவன் போனை எடுத்தார். டாக்டர் வந்தார். எட்டு மணி மருந்தை அடித்துவிட்டு, சிறிய அளவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி எழுதினார்.

கனி சொன்னபடி பெரியவரிடம் திரும்பிப் போனாள். மாரியன் எங்கே வேலை பார்த்தார், எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டாள். மாரியன் தினமும் அவர் பஸ்ஸில் ஏறியவராம். கனியின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கால்மணி நேரம் நின்றேன். பதினேழு வருடமாக என் வீட்டில் இருக்கிற பெண்தான். ஏனோ வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நான் சொன்ன அர்த்தத்தைப் பற்றி ஜோவனிடம் அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என்னிடமும் சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

அந்த இளம் டாக்டர் கனியைத் தேடி வந்து நன்றி சொன்னாராம். அந்த அளவைக் கொடுத்திருந்தால் நாடி அபாயமாக இறங்கியிருக்கும் என்றாராம். கிளிஃபோர்ட் இன்று இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டாராம். "பிக்கிங் அப்," என்றாள் கனி. தேறி வருகிறார் என்று அர்த்தம்.

வாராந்தரத் தேர்வு வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

அடுத்த வாரம் வார்டுக்கு நான்கு புது நர்ஸ்கள் வருகிறார்கள். மூன்று பேர் கேரளா, ஒருத்தி பிலிப்பைன்ஸ். ஜோவன், கனியின் நீல நோட்டை ஆங்கிலத்தில் மாற்றி அவர்களுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். கனி நோட்டை என்னிடம் தந்து, "நீங்க அடிச்சுக் குடுங்க. எனக்கு ஸ்பெல்லிங் வராது," என்றாள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். மதியம் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இதைப் போன்ற ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, யார் சொன்னது, எப்போது, முகம் எப்படி இருந்தது, பிறகு என்ன ஆனது என்று எழுதியிருக்கிறாள். சிலவற்றை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"டிராப் ஆஃப்: நாலாம் பெட் அம்மா டிராப் ஆஃப் ஆயிட்டாங்கன்னு சொன்னதும் கட்டில்ல இருந்து விழுந்துட்டாங்கன்னு ஓடுனேன். தூங்கிட்டு இருந்தாங்க. விழுறது இல்ல, கண்ணசந்து போறது."

"வேர் ஆஃப்: ஊசியோட வேகம் குறையுறது. இத ஒருத்தர் சொன்னா வலி திரும்ப வருதுன்னு அர்த்தம். அவங்களா வலின்னு சொல்ல மாட்டாங்க. கூச்சப்படுவாங்க. நாமதான் கேக்கணும்."

"கம் ரவுண்ட்: மயக்கம் தெளியுறது. ஒருத்தர் வீட்டுக்கு வாறதும் இதுதான். கோவம் ஆறி வழிக்கு வாறதும் இதுதான். மூணும் ஒண்ணுதானோன்னு தோணுது."

நான் பதினெட்டு வருடம் பொருள் எழுதிப்போட்டேன், மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்து அவற்றைச் சொல்வதாக நான் ஒருமுறையும் நினைத்துப் பார்த்ததில்லை. இவள் ஆளைப் பார்க்கிறாள். அர்த்தம் தானாக வருகிறது.

நோட்டின் நடுவில், ஜனவரி இருபத்திரண்டாம் தேதியில் இது இருந்தது:

"நாக் ஆஃப்: வேலை முடிச்சுக் கிளம்புறது. வார்டு துடைக்கிற ஆன் சொன்னா. வெள்ளிக்கிழமை கிடங்குல சீக்கிரம் நாக் ஆஃப்னு சொல்லிருப்பாங்க போல. அவுக அன்னைக்கு மழையில நனைஞ்சு நடந்து வந்தது இதுனாலதான்னு நினைக்கேன். கேக்கல. கேட்டா அவுக மனசு கஷ்டப்படும்."

இதை நான் தட்டச்சு செய்யவில்லை. சொல்லையும் பொருளையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 1, வெள்ளி

டேரன் இன்றும் கூட்டிவைத்துப் பேசினார். பேசி முடித்ததும் நான் கையைத் தூக்கி, எனக்குப் புரியவில்லை, மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். என் பக்கத்தில் நிற்கும் போலந்துக்காரர் குனிந்து, தனக்கும் புரியவில்லை என்றார்.

மார்ச் 9, சனி

கனியின் முதல் மதிப்பீட்டுக் கடிதத்தை நேற்றுக் கையில் கொடுத்தார்களாம். பிரிக்காமல் வைத்திருந்தாள். இன்று காலை காப்பி போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தோம். பிப்ரவரி பதினான்காம் தேதி நடந்தது அதில் இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவள் கை காப்பி டம்ளரைச் சுற்றி இறுகியிருந்தது.

எல்லாவற்றிலும் திருப்தி என்று இருந்தது. அடியில் ஜோவன் கையெழுத்தில் நான்கு வரி. கனி மெதுவாகப் படித்தாள். மூன்றாம் வரியில் நின்றாள்.

"ஷீ ஓன்ட் அப்... ஓன்ட் அப் அட் ஒன்ஸ். இது என்னதுங்க? ஓன்னா சொந்தம்லா? எதைச் சொந்தமாக்கிக்கிட்டேன்னு எழுதியிருக்காங்க?"

'ஓன் அப்' என் பட்டியலில் நூற்று அறுபத்திரண்டு. கல்லூரியில் படித்த நாளிலிருந்து பொருள் தெரியும். வாயைத் திறந்தேன். பொருளைச் சொல்ல வரவில்லை.

"கனி, அன்னைக்கு 'பேக் இன்'னா என்னன்னு நீ கேட்டப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அது தப்பான அர்த்தம். நீ போறேன்னதும் போகாதன்னேன். உன் நன்மைக்குன்னு சொன்னேன். அது மட்டும் இல்ல. நான் சொன்னது தப்புன்னு அங்க தெரிஞ்சுருமோன்னு எனக்குப் பயம். நீ என் பேச்சைக் கேட்டிருந்தா அந்த மனுஷன் என்ன ஆயிருப்பாருன்னு தினமும் நினைக்கேன்."

கனி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இப்ப எதுக்குங்க இதைச் சொல்லுதீய?"

"நீ அர்த்தம் கேட்டல்ல. இதுதான் ஓன் அப். தான் செஞ்ச தப்பைத் தானே வந்து சொல்லுறது. நீ அன்னைக்கே, ஒரு மணி நேரத்துல, எல்லாரு முன்னாலயும் செஞ்ச. எனக்கு இருபத்து நாலு நாள் ஆயிருக்கு. அட் ஒன்ஸ்னா உடனே. அது உனக்கு மட்டும்தான் பொருந்தும்."

கனி கடிதத்தை மடித்து வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். சட்டைப்பையிலிருந்து நீல நோட்டை எடுத்தாள், பேனாவைத் தேடினாள்.

"அர்த்தத்துக்குக் கீழ, யார் சொன்னதுன்னு எழுதணும். எழுதிக்கிடவா?"

"எழுது. தேதியும் போடு," என்றேன்.

நிதானமாக எழுதினாள். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் போனாள். என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.